மெத்தனால்: ஐஆரில் 3340, கணக்கீட்டில் 3840. இடையில் உள்ள 500 எங்கே போனது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காக மெத்தனாலுக்கு எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்திருக்கிறீர்கள். ஓ–ஹெச் நீட்சி அதிர்வு 3340-ஐ ஒட்டி அகலமான பட்டையாக வந்திருக்கிறது. அதே மெத்தனாலைக் காஸியன் என்ற கணக்கீட்டு மென்பொருளில் பி3எல்ஒய்பி என்ற குவாண்டம் வேதியியல் முறையில் போட்டுப் பார்த்தால் 3840 பக்கத்தில் ஒரே ஒரு கோடு. கரைப்பான் என்ற இடத்தில் மெத்தனாலையே கொடுத்துப் பார்த்தும் கோடு பெரிதாக நகரவில்லை. "சோதனையும் கணக்கீடும் நன்கு ஒத்துப்போகின்றன என்று எழுதிவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்" என்கிறார் வழிகாட்டி. எழுதலாமா என்று கேட்கிறீர்கள். அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஒற்றை மூலக்கூறை வைத்துப் போட்ட கணக்கு, கோடானுகோடி மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் திரவத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு விடை கிடைத்தால் முதலாவது தானாகவே தீர்ந்துவிடும்.

எழுத வேண்டாம் என்பது என் சுருக்கமான பதில். கருவியிலும் கோளாறு இல்லை, மென்பொருளிலும் கோளாறு இல்லை. அந்த 500 வித்தியாசத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு எதனால் வந்தது என்று காட்டினால் அதுவே ஒரு நல்ல அத்தியாயம் ஆகும். எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். எண்கள் எல்லாம் செ.மீ.⁻¹ அலகில். ஐஆரும் கணக்கீடும் பல வருடங்களாக நான் கையால் செய்துவரும் வேலை. எக்ஸ்-கதிர், நியூட்ரான் பற்றி இங்கே வருபவை படித்துத் தெரிந்துகொண்டவை.

முதல் துண்டுக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கும் சம்பந்தமே கிடையாது. மென்பொருள் சாதாரணமாகத் தரும் அதிர்வெண், பிளஸ் ஒன்னில் படித்த தனிச்சீரிசை இயக்கத்தின் அதிர்வெண். அதாவது ஓ–ஹெச் பிணைப்பு, எவ்வளவு இழுத்தாலும் அதே விதிப்படி திரும்பி வரும் சுருள்வில் என்று வைத்துக்கொண்ட கணக்கு. உண்மையான பிணைப்பு இழுக்க இழுக்கத் தளரும். ஹைட்ரஜன் மிக லேசான அணு என்பதால் அதன் அதிர்வு வீச்சு பெரிது, எனவே இந்தத் தளர்ச்சி அதில்தான் அதிகம் தெரியும். நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயு நிலையில் அதன் இரண்டு நீட்சி அதிர்வுகளை அளந்தால் 3657, 3756. தளர்ச்சியை நீக்கிய தனிச்சீரிசை மதிப்புகள் 3832, 3943. ஹைட்ரஜன் பிணைப்பு எதுவும் இல்லாமலேயே ஏறக்குறைய 180 இறங்கிவிட்டது. அதனால்தான் பி3எல்ஒய்பி முடிவுகளை 0.96 சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். உங்கள் 3840-ஐ 0.96-ஆல் பெருக்கினால் 3686 வரும். வாயு நிலை மெத்தனாலில் அளந்த மதிப்பு 3681. ஆக, உங்கள் கணக்கு மிக நன்றாகவே ஒத்துப்போகிறது, ஆனால் வாயுவோடு. நீங்கள் அளந்ததோ திரவத்தை.

மீதி 340 சொச்சம்தான் திரவத்தின் பங்கு. இதை ஜெட் சோதனைகள் அழகாகப் பிரித்துக் காட்டியிருக்கின்றன. ஹீலியம் போன்ற வாயுவோடு மெத்தனால் ஆவியைக் கலந்து, சிறிய துளை வழியே வெற்றிடத்துக்குள் பீய்ச்சினால் அது கடுமையாகக் குளிர்ந்து, இரண்டு, மூன்று, நான்கு மூலக்கூறுகள் சேர்ந்த சின்னச் சின்னக் கொத்துகள் உருவாகும். இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்த இருமத்தில், ஹைட்ரஜனைக் கொடுக்கும் பக்கத்து ஓ–ஹெச் சுமார் 3574-க்கு இறங்குகிறது. வாங்கும் பக்கத்தின் ஓ–ஹெச்சோ 3684-இல், ஏறக்குறைய தனி மூலக்கூறு மாதிரியே நிற்கிறது. மூன்று சேர்ந்து வளையமானால் 3470 சுற்றுவட்டாரம். நான்கு சேர்ந்தால் 3290 பக்கம். ஒரு பக்கத்துத் துணை 110 இறக்குகிறது என்றால், வளையத்தில் இருக்கும்போது அதே ஓ–ஹெச் ஏன் 390 இறங்குகிறது? தன் ஹைட்ரஜனைக் கொடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனில் எதிர்மின்னூட்டம் கொஞ்சம் கூடுகிறது. அது இன்னொரு ஹைட்ரஜனை முன்பைவிட நன்றாக வாங்கிக்கொள்ளும். வாங்கியதும் தன்னுடைய ஹைட்ரஜனை இன்னும் தாராளமாகக் கொடுக்கும். இந்தக் கூட்டு விளைவு சங்கிலி நெடுகப் பரவுகிறது. திரவ மெத்தனாலில் ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக இரண்டுக்குச் சற்றுக் குறைவான ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒன்று கொடுத்து ஒன்று வாங்கியபடி வளைந்து நெளியும் சங்கிலிகளாக இருக்கின்றன என்பதில் கணினி உருவகப்படுத்தலும் எக்ஸ்-கதிர், நியூட்ரான் சிதறல் சோதனைகளும் பெரும்பாலும் உடன்படுகின்றன. அதனால்தான் திரவத்தின் 3340, இருமத்தின் 3574-க்கு வெகு கீழே, நான்கின் வளையத்துக்கு அருகில் விழுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நான்கு மூலக்கூறு வளையம் 3290 தருகிறது, திரவம் 3340 தருகிறது, ஆகவே திரவ மெத்தனால் நான்கு மூலக்கூறு வளையங்களால் ஆனது என்று எழுதிய கட்டுரைகளைப் பார்க்கலாம். இந்த முடிவுக்கு ஆதாரம் போதாது. நீண்ட சங்கிலியின் நடுவில் இருக்கும் ஓ–ஹெச்சும் இதே பகுதியில்தான் விழும். எண் ஒத்துப்போவதால் வடிவம் நிரூபணமாகாது.

கரைப்பானை மென்பொருளில் கொடுத்தும் ஏன் நகரவில்லை என்ற உங்கள் குழப்பத்துக்கு வருவோம். பிசிஎம் (மென்பொருள் கரைப்பானைச் சேர்க்கும் வழக்கமான வழி) போன்ற முறைகளில் கரைப்பான் என்பது மூலக்கூறுகளே இல்லாத, மின்காப்பு மாறிலி மட்டும் உள்ள தொடர் ஊடகம். மெத்தனால் என்று தேர்ந்தெடுத்தால் மென்பொருள் முக்கியமாக எடுத்துக்கொள்வது சுமார் 33 என்ற அந்த மாறிலியைத்தான். ஹைட்ரஜன் பிணைப்பு போட எதிரே ஓர் ஆக்சிஜன் வேண்டாமா? அந்த ஊடகத்தில் அது இல்லை. ஆகவே "கரைப்பானையும் சேர்த்துக் கணக்கிட்டோம், எனவே ஹைட்ரஜன் பிணைப்பு கணக்கில் வந்துவிட்டது" என்பது தவறு. ஆய்வேடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறும் இதுதான். பக்கத்து மூலக்கூறுகளை நிஜமாகவே வைத்து, அதைச் சுற்றி பிசிஎம் போடலாம்; அது வேறு விஷயம்.

அடுத்தது பட்டையின் அகலம். அதை வெறும் தொந்தரவாகப் பார்த்தால் பாதித் தகவல் போய்விடும். திரவத்தில் ஒவ்வொரு ஓ–ஹெச்சுக்கும் சூழல் வேறு: ஒன்றின் துணை 2.7 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில், இன்னொன்றின் துணை 3 ஆங்ஸ்ட்ராமில், ஒன்று நேர்கோட்டில், ஒன்று சாய்ந்து. ஒவ்வொன்றும் தனக்கான அலைஎண்ணில் உறிஞ்சுகிறது. 3340-இல் ஓர் அதிர்வு முடிய ஏறக்குறைய 10 ஃபெம்டோ நொடி ஆகும். நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு துணை மாற்றிக்கொள்வது பிகோ நொடி அளவில் நடக்கிறது. அதாவது பிணைப்பு மாறுவதற்குள் ஓ–ஹெச் நூறு முறையாவது அதிர்ந்துவிடும். அதனால் ஐஆர் இந்தச் சூழல்கள் அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக, கலையாமல் பதிவு செய்கிறது. என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கதை நேர்மாறு. அதன் கால அளவு மிக நீண்டது என்பதால் எல்லாம் சராசரியாகி ஒரே ஓ–ஹெச் சிகரமாக வரும். மெத்தனாலை மந்தக் கரைப்பானில் நீர்க்க நீர்க்க அந்தச் சிகரம் குறைந்த பிபிஎம் பக்கம் நகரும். இரண்டும் ஒரே திரவத்தைத்தான் பார்க்கின்றன.

சரி, அந்த அகன்ற பட்டையை மென்பொருளில் மூன்று நான்கு காஸியன் (மணி வடிவ) வளைவுகளாகப் பிரித்து, "தனி மூலக்கூறு 8 சதவீதம், இருமம் 21 சதவீதம், சங்கிலி 71 சதவீதம்" என்கிற ரீதியில் அட்டவணை போடும் வழக்கம் இருக்கிறதே, அது? எனக்கு அதில் நம்பிக்கை மிகக் குறைவு. அறைக்குள் நூறு பேர் பேசும் இரைச்சலை வெளியே நின்று கேட்டுவிட்டு உள்ளே நான்கு பேர் இருக்கிறார்கள் என்று சொல்வதற்குச் சமம் அது. வளைவுகளின் எண்ணிக்கையை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். எத்தனை வைத்தாலும் பொருந்தும். அதைவிடப் பெரிய சிக்கல் உறிஞ்சும் வலிமை. ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்கிய ஓ–ஹெச், தனியாக இருக்கும் ஓ–ஹெச்சைவிடப் பல மடங்கு வலுவாக உறிஞ்சும். நீரில், வாயுவிலிருந்து திரவத்துக்கு வரும்போது இந்த நீட்சிப் பட்டையின் உறிஞ்சும் வலிமை பத்து மடங்கு அல்லது அதற்கும் மேல் கூடுகிறது. பிணைப்பு எவ்வளவு வலுவோ அவ்வளவு கூடுதல். எனவே பரப்பளவை அப்படியே எண்ணிக்கையாக எடுத்தால், பிணைந்தவை இருப்பதைவிட அதிகமாகவும் தனியாக உள்ளவை குறைவாகவும் தெரியும். ராமனில் (ஒளிச்சிதறலை அளக்கும் நிறமாலையில்) இந்தக் கோணல் குறைவு. அருகச்சிவப்பில், 7100-ஐ ஒட்டி வரும் முதல் மேற்சுரத்தில் (அதிர்வெண்ணின் ஏறக்குறைய இருமடங்கில் வரும் பட்டையில்) நிலைமை தலைகீழ்: அங்கே பிணைந்த ஓ–ஹெச் மங்கி, தனி ஓ–ஹெச் எடுப்பாகத் தெரியும். உங்கள் துறையில் யுவி–விஸ்–என்ஐஆர் கருவி இருந்தால் அதிலும் ஒரு ஓட்டம் எடுத்து வையுங்கள். செலவில்லாத சோதனை.

நீர்த்த கரைசல் சோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கார்பன் டெட்ராகுளோரைடில் மெத்தனாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் 3340 பட்டை சுருங்கி, 3644-இல் கூர்மையான சிகரம் எழும். பாடப்புத்தகத்தில் அதைத் தனி மூலக்கூறு என்று எழுதியிருக்கும். மிகவும் நீர்த்த நிலையில் அது சரி. ஆனால் மேலே சொன்ன இருமத்தை நினைவில் வையுங்கள்: வாங்கும் பக்கத்து ஓ–ஹெச் ஏறக்குறைய தனி மூலக்கூறின் இடத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு திறந்த சங்கிலியின் முனையிலும் இப்படி ஓர் ஓ–ஹெச் சும்மா இருக்கும். இடைப்பட்ட செறிவுகளில் 3644-இன் உயரத்தில் இவையும் சேர்ந்திருக்கின்றன. "3644 = தனி மூலக்கூறுகள்" என்று வைத்துக்கொண்டு சமநிலை மாறிலி கணக்கிட்டால், முதல் சில நீர்த்த புள்ளிகளைத் தாண்டியதும் அது தடம் புரளும். இடையில் 3530 பக்கம் தெரியும் தோள்பட்டை முழுக்க இருமமா, சங்கிலி முனைகளும் உள்ளதா என்பதிலும் பழைய கட்டுரைகளிடையே ஒருமித்த கருத்து கிடையாது. கார்பன் டெட்ராகுளோரைடு நச்சு, ஓசோனையும் கெடுக்கும். அதனால் இப்போது சைக்ளோஹெக்சேன் அல்லது ஹெக்சேன் வைத்துச் செய்வார்கள். சிகரத்தின் இடம் சற்று மாறும், தர்க்கம் மாறாது.

இதுவரை சொன்னதில் உறுதியானவை எவை? ஹைட்ரஜன் பிணைப்பால் ஓ–ஹெச் நீட்சி கீழே இறங்குகிறது, அகலமாகிறது, வலுவாகிறது: இது உறுதி. 2011-இல் ஐயூபேக் (வேதியியலின் சர்வதேச அமைப்பு) வெளியிட்ட ஹைட்ரஜன் பிணைப்பு வரையறையிலும் (அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இ. அருணன்) அகச்சிவப்பு நகர்வு ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சில சி–ஹெச் பிணைப்புகளில் நகர்வு மேல்நோக்கியும் இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடுதான் சேர்த்திருக்கிறார்கள். நகர்வின் அளவிலிருந்து பிணைப்பின் ஆற்றலை மதிப்பிடலாம் என்று பேட்ஜரும் பாயரும் 1937-இல் சொன்ன நேர்கோட்டு உறவு, ஒரே குடும்பச் சேர்மங்களுக்குள் ஓரளவு செல்லும். ஆல்கஹாலுக்குக் கிடைத்த கோட்டை அமீனுக்குப் போட்டால் செல்லாது.

சந்தேகத்துக்குரியது, திரவத்துக்குள் "வகைகள்" இருக்கின்றனவா என்பது. நீரின் ராமன் நிறமாலையை வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எல்லா வளைவுகளும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும். வேதியியலில் அப்படி ஒரு புள்ளியைப் பார்த்தவுடன் "இரண்டு வகை மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று மாறுகின்றன" என்று சொல்லப் பழகியிருக்கிறோம். 2005-இல் பிலிப் கைஸ்லர், தொடர்ச்சியான ஒரே பரவல் வெப்பத்தோடு மெல்ல மாறினாலும் அதே மாதிரி வெட்டுப்புள்ளி வரும் என்று காட்டினார். புள்ளி இருப்பது உண்மை. அது இரண்டு வகைக்குச் சாட்சி ஆகாது. அதற்கு முந்தைய ஆண்டு, எக்ஸ்-கதிர் உறிஞ்சலை வைத்து, திரவ நீரில் பெரும்பாலான மூலக்கூறுகளுக்கு நான்குக்குப் பதில் இரண்டு வலுவான பிணைப்புகளே உள்ளன என்று வெர்னெட், நில்சன் குழுவினர் எழுதியது பெரிய சண்டையாக வெடித்தது. மூன்றரைக்குப் பக்கத்தில் என்பதுதான் உருவகப்படுத்தல்கள் வழக்கமாகத் தரும் விடை. எதைப் பிணைப்பு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே இந்த எண் மாறும். ஆக்சிஜன்களுக்கு இடையே 3.5 ஆங்ஸ்ட்ராம், 30 பாகைக்குள் கோணம் என்பது அடிக்கடி பயன்படும் எல்லைக்கோடு. கோட்டை நகர்த்தினால் எண்ணும் நகரும். இன்றைக்கு நீரில் "உடைந்த பிணைப்பு" என்பதே நிலையான ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை. 2006-இல் லாஜும் ஹைன்ஸும் காட்டியபடி, ஓ–ஹெச் ஒரு துணையிலிருந்து இன்னொரு துணைக்குச் சட்டென்று பெரிய கோணத்தில் தாவுகிறது. நடுவில் அந்தரத்தில் தொங்கும் நேரம் மிகக் கொஞ்சம்.

கணக்கீட்டுப் பக்கம் நீங்கள் என்ன செய்யலாம்? புராஜெக்டின் அளவுக்கு இருமம், மும்மம், நான்கின் வளையம், முடிந்தால் நான்கு ஐந்து கொண்ட திறந்த சங்கிலி ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். பி3எல்ஒய்பி-யோடு மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பைக் கணக்கில் கொண்டுவரும் கிரிம்மின் டி3 திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே காரணியால் பெருக்கி, ஜெட் சோதனை எண்களோடு ஒப்பிடுங்கள். இது நியாயமான ஒப்பீடு, ஏனென்றால் இரண்டு பக்கமும் குளிர்ந்த, தனித்த கொத்துகள். ஒரு சின்ன எச்சரிக்கை: தளர்ச்சியும் ஹைட்ரஜன் பிணைப்பால் கொஞ்சம் கூடும் என்பதால் ஒரே காரணி எல்லாவற்றுக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. பிணைப்பு ஆற்றலைச் சொல்வதானால் பூஜ்ஜியப்புள்ளி ஆற்றலையும் (எவ்வளவு குளிர்வித்தாலும் மிஞ்சும் அதிர்வு ஆற்றலை) சேர்த்துச் சொல்லுங்கள். நீர் இருமத்தின் பள்ளத்தின் ஆழம் மோலுக்கு ஏறக்குறைய 21 கிலோஜூல். சோதனையில் அதைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல் 13.2 மட்டும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் முதல் எண்ணைப் "பிணைப்பு ஆற்றல்" என்று எழுதிவிடுவார்கள். என்பிஓ என்ற எலக்ட்ரான் பகுப்பாய்வு தரும் இ(2) மதிப்பையும் பிணைப்பு ஆற்றலாக எழுத வேண்டாம். அது மின்னூட்டம் இடம் மாறுவதன் பங்கை ஒரு குறிப்பிட்ட கணக்கு முறையில் சொல்வது. ஒரே தொடரில் எது வலு, எது மெலிவு என்று பார்க்க மட்டும் உதவும்.

திரவத்தின் பட்டையையே, அகலத்தோடு, கணக்கிலிருந்து வரவழைக்க வேண்டுமென்றால் மூலக்கூறுகள் நகர்வதைக் கணம் கணமாகப் பின்தொடரும் மூலக்கூறு இயக்கவியல் வேண்டும். எஸ்பிசி/ஈ மாதிரியான விறைப்பான நீர் மாதிரிகளில் ஓ–ஹெச் நீளம் மாறாது, ஆகவே நீட்சிப் பட்டை நேரடியாக வராது. ஒவ்வொரு கணத்திலும் அந்த ஹைட்ரஜன் உணரும் மின்புலத்தை எடுத்து, அதை அலைஎண்ணாக மாற்றும் வரைபடங்களை ஸ்கின்னர் குழுவினர் உருவாக்கிவைத்திருக்கிறார்கள். விசைகளைக் குவாண்டம் கணக்கிலிருந்தே எடுக்கும் முதல் கொள்கை இயக்கவியலில் பட்டை நேராகவே வரும், செலவுதான் அதிகம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதில் அடிக்கடி பயன்படும் பிஎல்ஒய்பி (பி3எல்ஒய்பி-யின் எளிய உறவு) முறை ஓ–ஹெச் பிணைப்பைச் சற்றே தளர்வாகக் காட்டும். அணுக்கருக்களைச் செவ்வியல் துகள்களாக வைப்பதால் தளர்ச்சித் திருத்தம் பெரும்பகுதி விடுபடும். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசை என்பதால் பட்டை சோதனைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அழகான படம் கிடைக்கும், காரணம்தான் சரியாக இருக்காது.

உங்கள் ஐஆர் ஏடிஆர் துணைக்கருவியில் (படிகத்தின் மேல் மாதிரியை வைத்து, உள்ளே எதிரொளிக்கும் ஒளியால் அளப்பது) எடுத்ததா, ஊடுருவல் முறையில் எடுத்ததா என்று எழுதவில்லை. ஏடிஆர் என்றால் வலுவான பட்டைகள் கொஞ்சம் கீழ்ப்பக்கம் நகர்ந்தும் வடிவம் மாறியும் தெரியும். ஊடுருவல் முறையோடு ஒப்பிடும் முன் மென்பொருளில் உள்ள ஏடிஆர் திருத்தத்தைப் போடுங்கள். ஊடுருவல் என்றால் கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) தகட்டில் ஈரமான மெத்தனாலை விடவேண்டாம், தகடு மங்கிவிடும். கால்சியம் ஃபுளோரைடு சன்னல் நல்லது. பட்டையின் உச்சி தட்டையாக வெட்டப்பட்டது போல இருந்தால் படலம் தடிமனாகிவிட்டது என்று அர்த்தம், அந்த உச்சியின் இடத்தை நம்பக்கூடாது. 1640 பக்கத்தில் சின்னதாக ஒன்று எட்டிப் பார்த்தால் மெத்தனாலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. வாதம் வேண்டாம், அட்டவணையாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு நிரலில் பெருக்கிய கணக்கீட்டு மதிப்புகள். பக்கத்தில் வாயு, ஜெட் சோதனை மதிப்புகள். மூன்றாவதில் உங்கள் திரவ மதிப்பு, 3340. கீழே இப்படி ஒரு வாக்கியம்: "தனி மூலக்கூறுக்கான கணக்கீடு வாயு நிலை மதிப்போடு ஒத்துப்போகிறது, திரவத்தில் காணப்படும் ஏறக்குறைய 340 செ.மீ.⁻¹ இறக்கம் தனி மூலக்கூறிலோ இருமத்திலோ கிடைப்பதில்லை, கொத்தின் அளவு கூடும்போதுதான் அந்த அளவை எட்டுகிறது." வைவாவில் இதைக் கேட்டு யாரும் மடக்க முடியாது. "நன்கு ஒத்துப்போகின்றன" என்று எழுதினால், எந்த நிலையோடு என்பதுதான் வெளித்தேர்வாளரின் முதல் கேள்வியாக இருக்கும்.